முதுகின் வழியே மூளைக்கு
மருந்து வந்த பாதை – பகுதி 12

விழுங்கிய மாத்திரையும் கையில் ஏற்றிய ஊசிமருந்தும் ரத்தத்தில் கலந்து கல்லீரல், சிறுநீரகம், தசை என எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கின்றன. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மட்டும் பெரும்பாலான மருந்துகள் போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு, மூளையைச் சூழ்ந்த நீரிலோ மூளைத் திசுவிலோ மருந்தை நேரடியாகச் செலுத்தும் முறை 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் உருவானது. அறுவை சிகிச்சைக்கான மரப்பு ஊசியாகத் தொடங்கி மூளைக்காய்ச்சல், ரத்தப் புற்றுநோய், தீராத வலி, தசை இறுக்கம், பிறவி நரம்பு நோய்கள் என அது படிப்படியாக விரிந்தது. நேர்வழியில் போகும் மருந்து மிகக் குறைந்த அளவே போதும். ஆனால் பிழை நேர்ந்தால், அதைத் தடுக்கவோ நீர்த்துப்போகச் செய்யவோ இடையில் எதுவும் இல்லை. இந்த முறையின் வரலாறு முழுவதும் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

நீரும் தடுப்பும்

மூளையும் தண்டுவடமும் தெளிந்த நீரில் மிதந்தபடி இருக்கின்றன. பழைய காலத்தில் பிணத்தை அறுக்கும் முன் தலையைத் துண்டித்துவிடும் வழக்கம் இருந்ததால், இந்த நீர் வழிந்தோடிவிடும். அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிக்கோ கொட்டுன்யோ தலையைத் துண்டிக்காமல் உடலை நிமிர்த்தி வைத்து ஆராய்ந்து, தண்டுவடத்தைச் சுற்றி நீர் நிறைந்திருப்பதை 1764-இல் விவரித்தார். வளர்ந்த ஒருவரின் உடலில் இந்த மூளைத் தண்டுவட நீர் ஏறத்தாழ 150 மில்லி இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரப்பதால், ஒரே நாளில் அது மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது.

ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருப்பது சாயச் சோதனைகளில் தெரியவந்தது. 1885-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது மற்ற உறுப்புகளெல்லாம் நிறமேறின. மூளை மட்டும் வெளிறியே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மை இல்லை என்று எர்லிக் கருதினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் சோதனையை மறுபக்கத்திலிருந்து செய்தார். ட்ரிப்பான் நீலம் என்ற சாயத்தை ரத்தத்தில் ஏற்றாமல் தண்டுவட நீரில் செலுத்தினார். இம்முறை மூளை நீலமானது; மற்ற உறுப்புகள் நிறம் மாறவில்லை. மூளை சாயத்தைப் பற்றவே செய்கிறது, ரத்தத்திலிருந்துதான் சாயம் அங்கே போக முடியவில்லை என்பது இதனால் உறுதியானது. 1921-இல் ஜெனீவாவில் லீனா ஸ்டெர்ன் இதற்கு 'ரத்த-மூளைத் தடுப்பு' என்று பெயரிட்டார். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் விளிம்போடு விளிம்பு இறுகப் பொருந்தியிருப்பதுதான் அந்தத் தடுப்பு என்பதை 1967-இல் தாமஸ் ரீஸும் மோரிஸ் கார்னோவ்ஸ்கியும் மின்னணு நுண்ணோக்கியில் காட்டினர்.

கோல்ட்மனின் சோதனைக்கு முன்பே மருத்துவர்கள் இந்தத் தடுப்பை ஊசியால் கடந்துவிட்டிருந்தனர். கடந்தது எதை என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கீல் நகரின் ஊசி

கண் அறுவையில் கோக்கெயின் மரப்பை உண்டாக்கும் என்று வியன்னாவில் கார்ல் கோலர் 1884-இல் காட்டினார். மறு ஆண்டே நியூயார்க் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லெனார்ட் கார்னிங், முதுகெலும்புகளுக்கு இடையே கோக்கெயினை முதலில் ஒரு நாய்க்கும் பிறகு ஒரு மனிதருக்கும் செலுத்தினார். கால்கள் மரத்தன. ஆனால் அவருடைய ஊசி தண்டுவட நீரை எட்டியதா, உறைக்கு வெளியே நின்றுவிட்டதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

நீரை எட்டும் வழியைத் திட்டமாக வகுத்தவர் ஜெர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் ஹைன்ரிக் குவின்கே. மூளையில் நீர் தேங்கிய குழந்தைகளின் அழுத்தத்தைக் குறைக்க, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி நீரை வடிக்கும் முறையை அவர் 1891-இல் அறிவித்தார். பெரியவர்களின் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நீரும் நரம்பு வேர்களும்தான் உள்ளன. ஆகவே அங்கே ஊசி போட்டால் தண்டுவடத்தைக் குத்திவிடும் அச்சம் இல்லை. இன்றும் முதுகில் நீர் எடுப்பதும் மருந்து செலுத்துவதும் இந்த இடத்தில்தான்.

அதே கீல் நகரில், 1898 ஆகஸ்ட் 16 அன்று அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், கணுக்காலில் காசநோய் கண்ட 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு, குவின்கே காட்டிய வழியில் 15 மில்லிகிராம் கோக்கெயின் செலுத்தி வலியின்றி அறுவை செய்தார். மேலும் சிலருக்கு இதே முறையில் அறுவை செய்தபின், அவர்களுக்கு வந்த தலைவலியும் வாந்தியும் எதனால் என்று அறிய அந்த ஊசியைத் தனக்கே போட்டுக்கொள்ள முடிவுசெய்தார். உதவியாளர் ஹில்டெப்ராண்ட் ஊசியைச் செருகினார். ஆனால் மருந்துக் குழல் ஊசியோடு பொருந்தவில்லை. மருந்தில் பெரும்பகுதி வீணானது, தண்டுவட நீரும் நிறைய வழிந்துபோனது. உடனே ஹில்டெப்ராண்ட் தன்னைச் சோதனைக்குக் கொடுத்தார். 5 மில்லிகிராம் கோக்கெயின் போதுமானதாக இருந்தது. 23-ஆம் நிமிடத்தில் முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தபோதும் அவருக்கு வலி தெரியவில்லை. அன்றிரவு இருவரும் மது அருந்தி, சுருட்டுப் புகைத்து மகிழ்ந்தனர். மறுநாள் முதல் பியருக்கு எழுந்து நிற்க முடியாத தலைவலி. படுத்தால் மட்டுமே விட்டது. ஒன்பது நாள் அவர் படுக்கையில் கிடந்தார். ஊசித் துளை வழியாக நீர் கசிந்ததே தலைவலிக்குக் காரணம் என்று அவர் சரியாகவே கணித்தார்.

கோக்கெயினுக்குப் பதிலாக நச்சுத்தன்மை குறைந்த மருந்துகள் வந்தபின் இந்த மரப்பு ஊசி உலகெங்கும் பரவியது. 1947 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரே மருத்துவமனையில் ஒரே நாளில் இந்த ஊசி போடப்பட்ட இருவரின் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. கிருமி நீக்குவதற்காகக் கண்ணாடி மருந்துக் குப்பிகளைக் கார்பாலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்திருந்தனர். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வழியே அது உள்ளே கசிந்திருக்கும் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. கருவிகளைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் எஞ்சியிருந்த அமிலம்தான் காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தோர் வாதிட்டனர். எதுவாயினும் தண்டுவட நீரில் கலந்தது மிகச் சிறிதளவே. ரத்தத்தில் கலந்திருந்தால் இந்த அளவு கேடு விளைந்திராது. இந்த வழக்குக்குப் பின் பிரிட்டனில் முதுகு ஊசியின் பயன்பாடு பல ஆண்டுகள் சரிந்து கிடந்தது.

மூளைக்காய்ச்சலின் காலம்

மரப்பு மருந்துக்குப் பின் இந்த வழியில் சென்றது நோயை எதிர்க்கும் சீரம். நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தின் சைமன் ஃப்ளெக்ஸ்னர், மெனிங்கோகாக்கஸ் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலுக்குக் குதிரைச் சீரத்தைத் தண்டுவட நீரில் செலுத்தினார். சிகிச்சையில்லாத காலத்தில் அந்த நோய் கண்டவர்களில் நான்கில் மூன்று பேர்வரை இறந்தனர். 1913-இல் ஃப்ளெக்ஸ்னர் வெளியிட்ட ஏறத்தாழ 1,300 நோயாளிகளின் தொகுப்பில் இறப்பு 31 விழுக்காட்டளவுக்கு இறங்கியிருந்தது. நரம்பு மண்டல நோய் ஒன்றில் நேர்வழி மருந்து பெரிய அளவில் உயிர் காத்தது இதுவே முதல்முறை.

1942-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலால் இறக்கும் நிலையிலிருந்த ஒருவருக்கு அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பென்சிலின் கொடுத்தார். மருந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஹாவர்ட் ஃப்ளோரியிடமிருந்து வந்திருந்தது. தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் இருந்தது. நோயாளியின் தண்டுவட நீரில் போதிய அளவு இல்லை. ஆகவே ஃப்ளெமிங் பென்சிலினை முதுகின் வழியே செலுத்தினார். நோயாளி பிழைத்தார். ஆனால் பென்சிலின் அதிக அளவில் மூளையை நேரடியாகத் தொட்டால் வலிப்பை உண்டாக்கும் என்பதும் சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. பின்னாளில் ஆய்வுக்கூட விலங்குகளில் வலிப்பை வேண்டுமென்றே தூண்டவும் பென்சிலினையே பயன்படுத்தினர்.

காசநோய் மூளைக்காய்ச்சல் இன்னும் கொடியது. கண்டவர் பிழைப்பதே இல்லை என்ற நிலையில், 1940-களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. தடுப்புக்குப் பெயர் வைத்த லீனா ஸ்டெர்ன், அப்போது சோவியத் அறிவியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராக மாஸ்கோவில் இருந்தார். அந்த மருந்தைப் பிடரிக்குக் கீழே நேரடியாகச் செலுத்தும் சிகிச்சையை அங்கே முன்னெடுத்தார். 1949-இல் ஸ்டாலின் அரசு அவரைக் கைதுசெய்தது. யூத பாசிச எதிர்ப்புக் குழு வழக்கில் 1952-இல் தண்டிக்கப்பட்டவர்களில் மரண தண்டனைக்குத் தப்பியவர் அவர் ஒருவரே. பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வாரக்கணக்கில் முதுகில் போடப்பட்டது. பலர் பிழைத்தனர், சிலர் செவித்திறனை இழந்தனர்.

1952-இல் ஐசோநயாசிட் வந்ததும் நிலைமை மாறியது. அந்த மாத்திரை தடுப்பைத் தானாகவே எளிதில் கடந்துவிடும். அதன் பின் காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு அன்றாடம் முதுகில் ஊசி போடும் தேவை மறைந்தது.

தலைத்தோலுக்கு அடியில் ஒரு குமிழ்

முதுகில் செலுத்தும் மருந்து மூளையின் உள்ளறைகள்வரை சீராக ஏறுவதில்லை. பூஞ்சை மூளைக்காய்ச்சலுக்கு வாரக்கணக்கில் மருந்து செலுத்த வேண்டியிருந்தபோது இது பெரிய இடையூறானது. இதற்கு வழி கண்டவர் ஆயூப் ஒம்மாயா. 1930-இல் அன்றைய பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தானில் பிறந்து, லாகூரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் பணியாற்றிய மூளை அறுவை மருத்துவர் அவர். தலைத்தோலுக்கு அடியில் சிறு சிலிக்கோன் குமிழைப் பதித்து, அதிலிருந்து ஒரு குழாயை மூளையின் பக்க அறைக்குள் இறக்கும் சாதனத்தை 1963-இல் வெளியிட்டார். தோலின் மேலிருந்து குமிழைக் குத்தினாலே போதும். மருந்தும் செலுத்தலாம், நீரும் எடுக்கலாம். ஒம்மாயா குமிழ் என்ற பெயரில் அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இதே காலத்தில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. மருந்துகளால் ரத்தமும் எலும்பு மஜ்ஜையும் தெளிவாகிவிடும். சில மாதங்களில் மூளையுறையில் நோய் மறுபடி தலைதூக்கும். மருந்து போய்ச் சேராத அந்த இடம் புற்றுச் செல்களுக்குப் புகலிடமாகியிருந்தது. மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல், நோய் திரும்பும்வரை காத்திராமல், தலைக்குக் கதிர்வீச்சும் முதுகின் வழியே மெத்தோட்ரெக்சேட்டும் முன்கூட்டியே கொடுக்கும் திட்டத்தை 1967-இல் தொடங்கினார். அதற்கு முன் மிகச் சிலரே நீண்டகாலம் பிழைத்த அந்த நோயில், அவருடைய நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் குணமடைந்தனர். பின்னாளில் கதிர்வீச்சு பெரும்பாலும் கைவிடப்பட்டது. முதுகு ஊசி நிலைத்துவிட்டது.

இந்தச் சிகிச்சையோடு ஒரு பேராபத்தும் வந்தது. இதே நோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின், நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. அதை ரத்தக் குழாயில் மட்டுமே செலுத்த வேண்டும். ஆனால் மெத்தோட்ரெக்சேட்டும் வின்கிறிஸ்டினும் ஒரே நாளில், ஒரே நோயாளிக்கு, ஒரே மாதிரியான குழல்களில் வந்து சேர்ந்தபோது, குழல் மாறி வின்கிறிஸ்டின் முதுகில் ஏறிய நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்தன. கால்களில் தொடங்கும் செயலிழப்பு மேல்நோக்கிப் பரவும். பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ மரணம். எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியும் பிழை நிற்கவில்லை. வின்கிறிஸ்டினைக் குழலில் நிரப்பாமல் சிறு மருந்துப் பையில் நீர்த்துத் தொங்கவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவுறுத்தியது. பையை யாரும் முதுகு ஊசியோடு இணைக்கப் பார்ப்பதில்லை. முதுகு ஊசிக்கு மட்டுமே பொருந்தும் தனி வகை இணைப்பு முனைகளும் பிறகு வந்தன.

வயிற்றுக்குள் பம்ப்

1973-இல் மூளையில் அபின்வகை மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் கண்டறியப்பட்டன. தண்டுவடத்திலும் அவை உண்டு. 1976-இல் டோனி யாக்ஷும் தாமஸ் ரூடியும் எலிகளின் தண்டுவட நீரில் மார்ஃபின் செலுத்தி, வலி அங்கேயே அடங்குவதைக் காட்டினர். 1979-இல் மேயோ மருத்துவமனையில் ஜோசப் வாங் குழுவினர் புற்றுநோய் வலியால் அவதிப்பட்டவர்களுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் மார்ஃபினைக் கொடுத்தபோது பல மணி நேரத்துக்கு வலி நின்றது. வாய்வழியாக 300 மில்லிகிராம் செய்யும் வேலையைத் தண்டுவட நீரில் 1 மில்லிகிராம் செய்யும் என்பது இன்று மருத்துவர்கள் கையாளும் தோராயக் கணக்கு.

வலி நாள்பட்டதானால் நாள்தோறும் ஊசி போட முடியாது. உடலுக்குள் பதிக்கும் பம்ப்பை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பெரி பிளாக்ஷியர் குழுவினர் உருவாக்கியிருந்தனர். உடல் சூட்டில் ஆவியாகும் திரவத்தின் அழுத்தமே அதில் மருந்தை மெல்லத் தள்ளும், மின்கலம் தேவையில்லை. 1981-இல் மேயோவின் பர்ட்டன் ஒனோஃப்ரியோ அத்தகைய பம்ப் மூலம் தண்டுவட நீருக்குத் தொடர்ச்சியாக மார்ஃபின் செலுத்தினார். பின்னர் வந்த மின்கலப் பம்ப்புகளில் வேகத்தை வெளியிலிருந்தே மாற்றியமைக்க முடிந்தது.

பம்ப்பின் முழுப் பயனும் தெரியவந்தது பாக்லோஃபென் என்ற மருந்தில். பாசல் நகர சீபா நிறுவனத்தில் 1962-இல் வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்ட இம்மருந்து அதற்கு அவ்வளவாகப் பயன்படவில்லை; ஆனால் தண்டுவடக் காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பெருமூளை வாதம் ஆகியவற்றால் வரும் தசை இறுக்கத்தைத் தளர்த்தியது. மாத்திரையாக நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வரை கொடுத்தும் பலருக்குத் தூக்கம் வந்ததே தவிர இறுக்கம் தளரவில்லை. 1984-இல் சிகாகோவின் ரிச்சர்டு பென்னும் ஜெஃப்ரி க்ரோயினும் அதைத் தண்டுவட நீரில் மைக்ரோகிராம் கணக்கில் செலுத்தி வெற்றிகண்டனர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1992-இல் இதற்கு அனுமதி அளித்தது.

பம்ப் பதிக்கும் முன் 50 மைக்ரோகிராம் பாக்லோஃபெனை முதுகில் போட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரத்தில் மடங்கிக் கிடந்த கால் தளர்ந்தால்தான் அறுவை. உள்ளங்கை அகலமுள்ள டைட்டானியம் வட்டு வயிற்றுத் தோலுக்கு அடியில் பதிக்கப்படும். அங்கிருந்து மெல்லிய குழாய் விலாவைச் சுற்றி முதுகுக்குப் போய்த் தண்டுவட நீருக்குள் நுழையும். வட்டின் நடுவே ரப்பர் மூடியிட்ட வாய் இருக்கிறது; தோலின் மேலிருந்து அதைத் தடவிக் கண்டு ஊசியால் மருந்து நிரப்புவார்கள். கடையில் விற்கும் பாக்லோஃபென் மாத்திரை ஒன்றில் 10 மில்லிகிராம் உண்டு. நாளுக்கு 200 மைக்ரோகிராம் தேவைப்படும் ஒருவருக்கு அதே 10 மில்லிகிராம் பம்ப்பில் 50 நாள் வரும்.

இந்தச் சிறிய அளவும் திடீரென நின்றால் ஆபத்து. குழாய் மடங்கினாலும், பம்ப் பழுதானாலும், நிரப்பும் நாள் தவறினாலும் கடும் காய்ச்சல், மனக்குழப்பம், முன்னைவிட மோசமான இறுக்கம், தசைச் சிதைவு என்று போய் உயிரிழப்பிலேயே முடியலாம். இது குறித்து 2002-இல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

வலிக்கு வந்த இன்னொரு மருந்து கடலிலிருந்து கிடைத்தது. மீனைக் கொட்டிப் பிடிக்கும் கூம்பு நத்தையின் நஞ்சை பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவெரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துவந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் மெக்கின்டாஷ் பிரித்தெடுத்த ஒரு நஞ்சே சிக்கொனோடைடு என்ற மருந்துக்கு மூலம். 2004 டிசம்பரில் அனுமதி பெற்ற அது மார்ஃபினைப் போல அடிமையாக்குவதில்லை. ஆனால் தண்டுவட நீரில் மட்டுமே கொடுக்க முடியும். அளவு சற்று மிகுந்தாலும் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் வரும். மனச்சிதைவு இருந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

மூளைத் திசுவுக்குள்

நீரில் கலந்த மருந்து மூளையின் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாக ஊறுவதில்லை. ஆழத்தில் உள்ள நோய்களுக்கு மருந்தைத் திசுவுக்குள்ளேயே கொண்டுசெல்ல வேண்டும். மூளைக் கட்டியை வெட்டியெடுத்த குழியில், கார்மஸ்டைன் மருந்தை மெல்லக் கசியவிடும் கரையும் வில்லைகளை வைக்கும் முறைக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹென்றி பிரெம், ராபர்ட் லாங்கர் ஆகியோரின் உழைப்பு அது. நுண்குழாய் வழியே மெல்லிய அழுத்தத்தில் மருந்தைத் திசுவுக்குள் பரவவிடும் முறையை அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தினர் 1994-இல் வெளியிட்டனர்.

பார்க்கின்சன் நோயில் இம்முறை ஏமாற்றத்தையே தந்தது. நரம்புச் செல்களைப் பேணும் ஜிடிஎன்எஃப் புரதத்தை 2003-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஸ்டீவன் கில் ஐந்து நோயாளிகளின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தியபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. போலி மருந்தோடு ஒப்பிட்ட பெரிய சோதனையில் அந்த வேறுபாடு உறுதிப்படாததால் 2004-இல் அம்ஜென் நிறுவனம் அதை நிறுத்தியது. பிறவியிலேயே ஏஏடிசி என்ற நொதி இல்லாமல், தலைகூட நிற்காமல் வளரும் குழந்தைகளுக்கு மட்டும் வேறு விடை கிடைத்தது. தைவான் மருத்துவர்கள் தொடங்கிவைத்த, மரபணுவைச் சுமந்த வைரஸை மூளையின் புட்டமென் பகுதிக்குள் செலுத்தும் சிகிச்சை 2022-இல் ஐரோப்பாவிலும் 2024-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

மரபணு மருந்துகளும் பழைய ஊசியும்

தண்டுவடத் தசைச் சிதைவு நோயில் எஸ்எம்என்1 மரபணு பழுதாகி, தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் மடிகின்றன. சிகிச்சை இல்லாவிட்டால், கடுமையான வகை கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. உடலில் எஸ்எம்என்2 என்ற துணை மரபணு உண்டு. அதன் செய்தி தவறாகத் தொகுக்கப்படுவதால் போதிய புரதம் கிடைப்பதில்லை. அந்தத் தொகுப்பைத் திருத்தும் சிறு மரபிழை மருந்தான நுசினெர்சனை ஏட்ரியன் க்ரெய்னரும் ஃபிராங்க் பென்னெட்டும் உருவாக்கினர். 2016 டிசம்பரில் அதற்கு அமெரிக்கா அனுமதி தந்தது.

இம்மருந்து ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. ஆகவே 21-ஆம் நூற்றாண்டின் இந்த மருந்தும் குவின்கே காட்டிய இடத்தின் வழியாகவே உள்ளே போகிறது: ஒரு முறைக்கு 12 மில்லிகிராம், முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை, பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும். இந்நோயில் முதுகெலும்பு வளைந்துபோவதும், அதை நிமிர்த்த உலோகக் கம்பி பதிப்பதும் வழக்கம். அத்தகைய குழந்தைகளுக்கு ஸ்கேன் பார்த்துத்தான் ஊசி நுழைய இடம் தேட வேண்டியிருக்கிறது. அறிமுகமானபோது ஒரு ஊசியின் விலை 1,25,000 டாலர்.

2017-இல் பிறவி நரம்பு நோயான சிஎல்என்2 வகை பேட்டன் நோய்க்கு செர்லிபோனேஸ் ஆல்ஃபா என்ற நொதி அனுமதி பெற்றது. ஒம்மாயா வகுத்த வழியில், தலைத்தோலுக்கு அடியில் பதித்த குமிழ் மூலம் இரு வாரத்துக்கு ஒருமுறை மூளையறைக்குள் இது செலுத்தப்படுகிறது. 2023-இல் எஸ்ஓடி1 மரபணுப் பிறழ்வால் வரும் ஏஎல்எஸ் நோய்க்கு டோஃபெர்சன் வந்தது. எல்லா முயற்சியும் கைகூடவில்லை. ஹன்டிங்டன் நோய்க்கான டோமினெர்சனின் பெரிய சோதனையில், பயனைவிடத் தீங்கு மிஞ்சும் என்று கண்டு 2021 மார்ச்சில் மருந்து கொடுப்பதை ரோஷ் நிறுவனம் நிறுத்தியது.

2020 ஆகஸ்டில் தண்டுவடத் தசைச் சிதைவுக்கு ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்து அனுமதி பெற்றது. அதே எஸ்எம்என்2 தொகுப்பைத் திருத்தும் இந்த மருந்து தடுப்பைத் தானே கடக்கிறது. வீட்டிலேயே நாள்தோறும் கொடுக்கலாம். காசநோய் மூளைக்காய்ச்சலில் ஐசோநயாசிட் செய்ததைப் போல, இந்நோயிலும் பல குடும்பங்கள் முதுகு ஊசியை விட்டு வாய்வழி மருந்துக்கு மாறின. தடுப்பைக் கடக்கும் மருந்து இல்லாத நோய்களிலும், பாக்லோஃபெனைப் போல உடல் முழுதும் பரவினால் பயனைவிடத் தொல்லை மிகும் மருந்துகளிலும் நேர்வழி நிலைத்திருக்கிறது. அறுவை அரங்குகளில் பியர் தொடங்கிய மரப்பு ஊசிதான் இன்றும் இம்முறையில் மிகப் பரவலாகப் போடப்படுவது.